குடும்ப உதவி மையத்துக்கு நிலையான இடமும் மாதாமாதம் பணமும்: வேலூர் பக்கத்துக்காரர்களுக்கு

கட்டிடம் கட்டப் பணம் தருகிற ஆள் எப்படியும் கிடைத்துவிடுவார். கல்வெட்டில் பெயர் வரும், யாராவது பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டுவார், மறுநாள் பேப்பரில் போட்டோ இருக்கும். ஆனால் அந்தக் கட்டிடத்துக்குள் உட்கார்ந்து, குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைப் பற்றி ஒரு பெண் அழுதுகொண்டே சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிற ஆளுக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பார்? அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. அதனால்தான் நம் பக்கத்தில் நல்ல எண்ணத்தோடு கட்டின பல கட்டிடங்கள் பூட்டிக்கிடக்கின்றன. வேலூரை ராஜா இல்லாத கோட்டை என்று கிண்டல் செய்வார்கள், இவையும் அந்த வகைதான்.

ஆகவே வேலை நடக்க வேண்டிய வரிசை இது: முதலில் ஒரு வருடச் செலவுக்குப் பணம், அப்புறம் இடத்தின் மேல் எழுத்துப்பூர்வமான உரிமை, அதற்கப்புறம்தான் செங்கல் சிமென்ட். மாற்றிச் செய்தால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், நடத்துவது ரொம்பப் பாடாகிவிடும்.

மையம் என்று நான் சொல்வது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சாயங்காலம் பிள்ளைகள் படிக்க ஓர் இடம், பெண்கள் வந்து பேச ஓர் ஆள், முதியோர் உதவித்தொகைக்கும் மகளிர் உரிமைத் தொகைக்கும் மனு எழுதித் தர ஒருவர், பிரச்சினை முற்றினால் பெண்கள் உதவி எண் 181க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போன் போட்டுப் பின்னாலேயே நின்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அவ்வளவுதான்.

பெயரும் பதிவும்

ஒரு பதிவான அமைப்பு இல்லாமல் யாரும் இடமும் தர மாட்டார்கள், பணமும் தர மாட்டார்கள். இரண்டு வழி நடைமுறையில் உண்டு. ஒன்று, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் சங்கம். குறைந்தது 7 உறுப்பினர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. இன்னொன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிற அறக்கட்டளை. அறக்கட்டளை சுலபம், வருடாவருடம் பொதுக்குழு, தேர்தல் என்று தொல்லை இல்லை. ஆனால் ஊர் மக்களுடைய மையம் என்று சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்துக்காரர்களே அறங்காவலர்களாக இருந்தால் ஊரே ஒருநாள் கேட்கும், கேட்கவும் வேண்டும். என் ஓட்டு சங்கத்துக்குத்தான். பொதுக்குழு கூட்டி, கணக்கைப் படித்துக் காட்டி, உறுப்பினர் பட்டியலையும் வரவு செலவையும் வருடாவருடம் பதிவாளரிடம் தாக்கல் செய்கிற பழக்கம் வந்துவிட்டால், நாளைக்கு ஒரு கம்பெனிக்காரர் மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட் கேட்கும்போது மேசை மேல் எடுத்து வைத்துவிடலாம். தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டுப் பிறகு அபராதத்தோடு ஓடுகிற சங்கங்கள்தான் நாட்டில் அதிகம்.

துணைவிதியில் இரண்டு வரிகளை மறக்காமல் சேருங்கள். சங்கம் கலைந்தால் சொத்து உறுப்பினர்களுக்குப் பிரியாது, இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும் என்பது ஒன்று. வங்கிக் கணக்கை இரண்டு பேர் சேர்ந்துதான் கையாள வேண்டும், அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. பெரிய தொகை கொடுக்கிற எவரும் முதலில் பார்க்கிற பக்கம் இதுதான்.

பதிவானதும் பான் கார்டு, வங்கிக் கணக்கு, தொண்டு அமைப்புகளுக்காக நிதி ஆயோக் நடத்துகிற தர்பன் தளத்தில் பதிவு, வருமான வரித்துறையின் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை). இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும், நல்ல ஆடிட்டர் ஒருவர் இருந்தால் போதும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறிவிடும், ஆனால் ஊரில் எல்லாரும் இன்னும் கொஞ்ச காலம் 12ஏ, 80ஜி என்றேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 80ஜி விஷயத்தில் ஒன்று ஞாபகம் வையுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. தோல் கம்பெனி முதலாளி ஒருவர் பையிலிருந்து 10,000 ரூபாயை எடுத்து நீட்டினால், கைகூப்பிவிட்டு கியூஆர் கோடை நீட்டுங்கள்.

இடம்: புதிதாகத் தேடுமுன் பூட்டியிருப்பதைப் பாருங்கள்

உங்கள் ஊராட்சியை ஒரு தரம் நடந்து சுற்றி வாருங்கள். கிராம சேவை மையக் கட்டிடம், மகளிர் குழுக் கட்டிடம், முன்பு டிவி வைத்திருந்த அறை, புதுக் கட்டிடம் வந்ததும் கைவிட்ட பழைய அங்கன்வாடி, பழைய நூலகம். இவற்றில் ஏதாவது ஒன்று ஊராட்சியின் உடைந்த நாற்காலிகளையும் பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் வைக்கிற இடமாக இருக்கும். அதுதான் உங்கள் மையம். புதிதாகக் கட்டுவதற்கு ஆகிற செலவில் சிறு பகுதியில் அதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் கூரையைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். நல்ல மழைக்கு மறுநாள் போய், சீலிங்கில் கம்பி தெரிகிறதா, சுவர் மூலையில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றியப் பொறியாளரிடம் கட்டிடம் உறுதியாக இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். குழந்தைகள் வரப்போகிற இடம்.

அடுத்து காகிதம். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். தலைவர் நல்லவர், "சாவியை எடுத்துக்கோங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சாவிக்கு அவருடைய பதவிக்காலம்தான் ஆயுசு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது, ஐந்து வருடம் 2026 அக்டோபரோடு முடிகிறது. அப்புறம் வருகிறவர் யாரோ, தனி அலுவலர்தான் வருவாரோ, அவருக்கு உங்களைத் தெரியாது. வாய்ச்சொல்லில் வந்த இடம் வாய்ச்சொல்லிலேயே போய்விடும்.

வாங்க வேண்டியது இதுதான். கிராம சபையில் தீர்மானம் போடச் செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்து பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்; கூட்டத்தில் எழுந்து திடீரென்று கேட்டால் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதி மூடிவிடுவார்கள். தீர்மானத்தில் சர்வே எண், கட்டிடத்தின் அளவு, எத்தனை வருடத்துக்கு, என்ன வேலைக்கு, வாடகை எவ்வளவு, மின்கட்டணமும் பழுதும் யார் பொறுப்பு எல்லாம் இருக்க வேண்டும். "சமூகப் பணிக்காக வழங்கலாம்" என்று ஒற்றை வரியில் எழுதினால் அந்தத் தாளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதன் நகலை வாங்கி, கிராம ஊராட்சிகளைப் பார்க்கிற பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) வழியாக மேலே ஒப்புதலுக்கு அனுப்பவையுங்கள். ஊராட்சிச் சொத்தைத் தலைவர் ஒருவர் கையெழுத்தில் நீண்ட காலத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஒப்புதல் வந்ததும் ஒப்பந்தம் எழுதி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவும் செய்துவிடுங்கள், பதிவுச் சட்டம் அதைக் கட்டாயமாகக் கேட்கிறது. 11 மாத ஒப்பந்தம் பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கும், ஆனால் உங்களை நிரந்தரமாக 11 மாதக் குடித்தனக்காரராகவே வைத்திருக்கும். எந்தக் கம்பெனியும் அந்த மாதிரி இடத்துக்குள் ஒரு கழிப்பறைகூடக் கட்டித் தராது.

வேலூர் மாநகராட்சிக்குள் என்றால் கதை வேறு. 4 மண்டலம், 60 வார்டு, எல்லாம் மாமன்றத் தீர்மானம். வார்டு கவுன்சிலரைப் பிடித்து, மண்டல அலுவலகம் வழியாக ஆணையருக்கு மனு, அதன் நகல் மேயருக்கு. மாநகராட்சிக் கட்டிடத்தை ஏலம் விட்டால் வருமானம் வரும் என்கிற எண்ணம் அங்கே எப்போதும் இருக்கும், ஆகவே சும்மா கேட்காமல் சொற்ப வாடகைக்குக் கேட்பது நல்லது.

அரசு நிலமே வேண்டும் என்று போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வி.ஏ.ஓ.விடம் நிலத்தின் வகையைச் சொல்கிற அ-பதிவேட்டைப் பார்த்து அந்தப் புறம்போக்கு எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீர்நிலை, ஓடை, ஏரி உள்வாய், வாய்க்கால் என்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எத்தனை பேர் சிபாரிசு செய்தாலும் ஒருநாள் கோர்ட் உத்தரவோடு ஜேசிபி வரும். ஆட்சேபணையில்லாத புறம்போக்கு என்றால் வருவாய் நிலையாணைகளின்படி குத்தகை கேட்கலாம்: மனு தாசில்தாருக்கு, ஆய்வு ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்), கோப்பு சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கு, சில நேரம் அதற்கும் மேலே சென்னைக்கு. மெதுவாகத்தான் நகரும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை போய்க் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள்.

யாராவது தானமாகக் கொடுத்தால்? சந்தோஷம், ஆனால் உடனே மாலை போடாதீர்கள். 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, புல வரைபடம், மூலப்பத்திரம் எல்லாவற்றையும் வக்கீல் ஒருவர் பார்க்கட்டும். கொடுப்பவரின் பிள்ளைகள் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார்களா பாருங்கள், பெண்பிள்ளைகளும் சேர்த்து. வட ஆற்காட்டுப் பகுதியில் இன்னொன்றும் பார்த்தாக வேண்டும்: அது பஞ்சமி நிலமா? வெள்ளைக்காரன் காலத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒப்படைத்த நிலம், தாழ்த்தப்பட்டோர் அல்லாத யார் பெயருக்கும் மாறக் கூடாது என்ற நிபந்தனையோடு. பழைய பதிவேட்டில் டி.சி. (டிப்ரஸ்ட் கிளாஸ்) என்று குறிப்பு இருக்கும். இன்றைக்குப் பட்டா வேறு பெயரில் இருப்பதாலேயே அது சுத்தமாகிவிடாது. கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கான மையம் அந்த நிலத்தின் மேலேயே நின்றால் அதைவிடக் கேவலம் கிடையாது.

தானப் பத்திரம் பதிவாக வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே சங்கம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு உள்ள முத்திரைத்தீர்வைச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது, ஆகவே பத்திரச் செலவு எவ்வளவு என்று முன்பே ஆவண எழுத்தரிடம் கணக்குப் போட்டு, அதையும் நன்கொடையாளரிடமே கேளுங்கள். நிலம் கொடுக்க மனசு வந்தவருக்கு அது பெரிசில்லை.

கோயில் இடம் என்றால் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு இந்து சமய அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லாது. வக்பு இடம் என்றால் அதை நிர்வகிக்கிற முத்தவல்லி மட்டும் போதாது, வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். கிறிஸ்தவ சபைக்குச் சொந்தமான இடம் என்றால் ஆயர் ஒருவர் சொன்னால் முடியாது, பேராய அலுவலகத்தில் தீர்மானம் வர வேண்டும். மூன்று இடத்திலும் உள்ளூர்ப் பெரியவர் தலையாட்டியதை நம்பிப் பெயின்ட் அடித்துவிடக் கூடாது.

எங்கே, எப்படிப்பட்ட அறை

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியம். மையத்தின் வாசலில் "குடும்ப வன்முறை ஆலோசனை" என்று பெரிய போர்டு மாட்டினால் ஒரு பெண்ணும் வர மாட்டாள். எதிரே டீக்கடை இருக்கும், அங்கே அவள் மைத்துனன் உட்கார்ந்திருப்பான். அவள் வேறு ஏதாவது சாக்கில் உள்ளே வர முடிய வேண்டும். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் இலையும் தூளும் வாங்கவும், சுற்றின கட்டைக் கொடுக்கவும் கடைக்குப் போய் வருவார்கள். அந்த வழியில் மையம் இருந்தால் முறத்தை இடுப்பில் இடுக்கியபடியே பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவாள், வீட்டில் யாரும் எங்கே போனாய் என்று கேட்க மாட்டார்கள். தையல் மிஷின், பிள்ளைகள் டியூஷன், மனு எழுதித் தருவது, இவையெல்லாம் தன்னளவில் நல்ல வேலைகள்தான், கூடவே அவளுக்கு ஒரு சாக்கும் ஆகின்றன.

உள்ளே குறைந்தது இரண்டு அறை. பேசுகிற அறையின் ஜன்னல் தெருப்பக்கம் திறக்கக் கூடாது. கதவுக்கு வெளியே ஓர் ஆளை நிறுத்தி, உள்ளே சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள், கேட்கிறதென்றால் கதவு இடுக்கை அடையுங்கள், வெளி ஹாலில் சத்தமாக ஓடுகிற பழைய சீலிங் ஃபேன் ஒன்றை விட்டுவையுங்கள். அதுவே பாதியை மறைத்துவிடும். பின்பக்கம் இன்னொரு வாசல் வேண்டும். பெண்களுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிற கழிப்பறை வேண்டும். டாஸ்மாக் போகிற வழியில் இருக்கவே கூடாது. அப்புறம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட இடத்தைச் சும்மா கொடுத்தாலும் யோசியுங்கள், வேலூர் மே மாத வெயிலில் மத்தியானம் அதற்குள் கைக்குழந்தையோடு உட்கார முடியாது.

ராத்திரி யாரையும் தங்கவைக்காதீர்கள். மனசு கேட்காதுதான். ஆனால் பெண்களையும் குழந்தைகளையும் தங்கவைக்கிற விடுதி, இல்லம் எல்லாவற்றுக்கும் 2014ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும், குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டமும் சேர்ந்துவிடும். அடிபட்டு வந்தவரை, அவர் சம்மதித்தால், மாவட்டத்தில் இருக்கிற சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள், தற்காலிகமாகத் தங்க அங்கே ஏற்பாடு உண்டு.

ஒரு தடவைப் பணம்

கட்டவும் புதுப்பிக்கவும் ஆகிற பணத்துக்கு அரசுக் கதவு மூன்று. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் போட்டால் மீதியை அரசு போடும். 9 லட்சத்து வேலைக்கு நீங்கள் 3 லட்சம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ஒரு தொகுதிக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி. கேட்க எவ்வளவோ இருப்பதுபோல் தோன்றும், ஆனால் ஒரு எம்.பி.க்கு ஆறு சட்டமன்றத் தொகுதி, ஒவ்வொரு ஊரும் பயணியர் நிழற்குடையும் சிமென்ட் சாலையும் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் மனுவோடு இடத்துக்கான தீர்மானமும் பொறியாளரின் மதிப்பீடும் இணைந்திருந்தால் மேலே வைக்கப்படும், வெறும் கோரிக்கையாக இருந்தால் மனுக் கட்டுக்குள் போய்விடும். இந்த நிதிகளில் சம்பளமோ வாடகையோ கேட்க முடியாது, கண்ணுக்குத் தெரிகிற நிலையான சொத்துக்கு மட்டும்தான். அப்படிக் கட்டுகிற கட்டிடம் ஊராட்சியின் பெயரில் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சொல்லப்போனால் அதுதான் நல்லது, வீட்டுவரியும் பெரிய பழுதும் அவர்கள் தலையில். உபயோகிக்கிற உரிமை மட்டும் எழுத்தில் உங்களிடம் இருக்கட்டும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்.) என்றதும் எல்லாரும் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கும் ஆம்பூருக்கும் கிளம்பிவிடுவார்கள். யார் கட்டாயம் செலவழிக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது: நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். நம் பக்கத்துத் தோல் ஷெட்டுகளில் பல இந்தக் கணக்குக்குள் வராது. அவர்களிடம் 80ஜி ரசீதோடு சாதாரண நன்கொடை கேளுங்கள், சி.எஸ்.ஆர். என்ற வார்த்தையை எடுத்தாலே பயந்துவிடுவார்கள். பெல் மாதிரிப் பெரிய நிறுவனம் என்றால் கேட்டில் மனு கொடுத்துப் பயன் இல்லை, பெரிய தொகை என்றால் முடிவு தலைமையகத்தில். நீங்கள் சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்கியிருக்க வேண்டும், இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். கவனிக்க வேண்டிய விதி இன்னொன்று: இந்தப் பணத்தில் உருவான சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. எண் வாங்கிய பொதுநோக்கு அமைப்போ, பயனாளிகளின் சுய உதவிக்குழு போன்ற கூட்டமைப்போ, அரசு அமைப்போதான் வைத்திருக்கலாம். பேச்சுவார்த்தையின்போதே சொத்து யார் பெயரில் என்று எழுதிக்கொண்டால் பின்னால் சண்டை இல்லை.

வெளிநாட்டுப் பணம் தனிக் கதை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எப்.சி.ஆர்.ஏ.) பதிவுக்கு மூன்று வருட வாழ்வும் அதற்குள் 15 லட்சம் ரூபாய் சேவைச் செலவும் காட்ட வேண்டும், கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில். தொடக்க மையத்துக்கு இது வேண்டாத வேலை. ஆனால் துபாயில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட்காரனாக இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்தை முறையாக வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவனுடைய பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் ஆகும், அவரிடம் வாங்காதீர்கள்.

மாதாமாதப் பணம்

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஆலோசகர் 18,000, உதவியாளர் 10,000, இடம் வாடகை என்றால் 7,000, மின்சாரம் 1,500, அவசரப் போக்குவரத்து, மருந்து 3,000, பேப்பர், டீ, சில்லறை 2,500. மாதம் 42,000, வருடம் 5,04,000. ஊராட்சி இடம் கிடைத்துவிட்டால் 84,000 குறையும், இடத்துக்கு இத்தனை மெனக்கெடுவது அதற்காகவும்தான்.

இந்தப் பணத்தை ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். ஒருவரே மொத்தமும் கொடுத்தால் அவர் மகன் கல்யாணத்துக்கு நீங்கள் பந்தி பரிமாற வேண்டியிருக்கும், அவர் கட்சி மாறினால் மையமும் மாற வேண்டியிருக்கும். மாதம் 100 ரூபாய் கொடுக்கிற 150 பேரைப் பிடித்தால் 15,000. இது முடியாத காரியம் இல்லை, சீட்டுக் கட்டிப் பழகின ஊர் நம்முடையது. தேதி தவறாமல் வசூலிப்பதும், கட்டாதவரை மறுநாளே கேட்பதும் நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வசூல் பொறுப்பை மகளிர் குழு ஒன்றிடம் கொடுங்கள், ரசீது புத்தகம் மட்டும் சங்கத்துடையதாக இருக்கட்டும்.

பெரிய தொகை கேட்பதற்குக் காலம் உண்டு. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பெங்களூரிலும் சென்னையிலும் பிழைக்கப் போனவர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள், அந்த இரண்டு மூன்று நாளில் மையத்தைத் திறந்து வைத்து, வாருங்கள் பாருங்கள் என்று கூப்பிடுங்கள். சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபைகளில் ஸ்தோத்திரப் பண்டிகை (நன்றி சொல்லும் விழா) ஏலம் நடக்கும்; ஒரு வருட ஏலத்தில் ஒரு பங்கு கேட்டுப் பாருங்கள். ரம்ஜானில் ஜமாத்தை அணுகும்போது மட்டும் விவரமாகப் பேசுங்கள்: ஜகாத் ஏழைகளின் கைக்குப் போக வேண்டிய பணம், அதைக் கட்டிடத்துக்கோ சம்பளத்துக்கோ கேட்டால் பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஒப்ப மாட்டார்கள், கேட்ட உங்களுக்கும் விவரம் தெரியவில்லை என்று நினைப்பார்கள். சதக்கா, அதாவது விருப்பப்பட்டுக் கொடுக்கிற தர்மம், என்று கேளுங்கள். ஜகாத் பணத்தை உங்களிடம் வருகிற குடும்பத்துக்கு அவர்களே நேராகக் கொடுக்கட்டும், நீங்கள் யாருக்குத் தேவை என்று சொன்னால் போதும்.

பணமாக இல்லாமல் ஆளாகவும் கேட்கலாம். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் சமூகப்பணித் துறை இருக்கிறது, அந்தப் படிப்பில் களப்பயிற்சி கட்டாயம். துறைத் தலைவரைப் பார்த்து உங்கள் மையத்தைக் களமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கே.வி.குப்பத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் கிராமப் பிரிவான ரூசா 1977லிருந்து கிராமத்து வேலை செய்துகொண்டிருக்கிறது, குடி நோய், மனநோய் போன்ற விஷயங்களில் எங்கே அனுப்புவது என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதினால் மாதம் ஒரு நாள் இலவசச் சட்ட உதவிக்கு வக்கீல் வருவதற்கு ஏற்பாடு செய்யக் கேட்கலாம். மாணவர்களை மட்டும் நம்பி ஆலோசனை நடத்தாதீர்கள், பரீட்சை வந்தால் காணாமல் போய்விடுவார்கள். ஒரு சம்பள ஆள் இருந்தே ஆக வேண்டும்.

மாவட்டச் சமூகநல அலுவலகத்தை மறந்துவிடாதீர்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 10வது பிரிவில் பதிவான அமைப்புகள் சேவை வழங்குநராகப் பதிந்துகொள்ளலாம். அதற்குப் பணம் வராது. ஆனால் சம்பவ அறிக்கை எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்புகிற அதிகாரம் சட்டப்படி கிடைக்கும், போலீஸ் ஸ்டேஷனில் மரியாதையாக உட்காரச் சொல்வார்கள், நிதி கேட்கும் மனுவிலும் அந்த ஒரு வரி வேலை செய்யும். பெற்றோரை இழந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு மனு போடுங்கள். இந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வருவதில்லை, குடும்பத்துக்குப் போகிறது. ஆனாலும் வருடக் கடைசியில் "எங்கள் வழியாக இத்தனை குடும்பத்துக்கு இவ்வளவு உதவி போய்ச் சேர்ந்தது" என்று ஒரு தாள் போட்டால், ஐந்து லட்சம் செலவழித்து எத்தனை லட்சத்தை மக்களுக்கு வாங்கித் தந்தீர்கள் என்பது தெரியும். நன்கொடையாளர்களுக்கு உங்கள் உருக்கமான கதைகளைவிட அந்தத் தாள்தான் பிடிக்கும். பெயர், ஊர், போட்டோ எதுவும் அதில் இருக்கக் கூடாது, வெறும் எண்ணிக்கைதான். பயனாளியை நிறுத்திப் போட்டோ எடுத்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கிற நன்கொடையாளரிடம் பிள்ளைகள் டியூஷன் அறையைக் காட்டுங்கள், அங்கேயும் பின்னாலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

கொஞ்சம் நிலைத்த பிறகு இருப்பு நிதி ஒன்று தொடங்குங்கள், அதாவது அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கிற மூலநிதி. கொடுப்பவர் "இது மூலநிதிக்கு" என்று கடிதம் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருட வருமானமாகிவிடும். 10 லட்சம் சேர்ந்து வங்கியில் 7 சதவீதம் வட்டி வந்தால் வருடம் 70,000. சம்பளத்துக்குப் போதாது, ஆனால் யாரிடமும் கை நீட்டாமல் கரன்ட் பில்லையும் பேப்பர் செலவையும் அதிலேயே கட்டிவிடலாம்.

கரன்ட் என்றதும் கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஊராட்சிக் கட்டிடத்தை ஏற்கும்போது பழைய மின் பாக்கி எவ்வளவு என்று இணைப்பு எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ரீடிங்கையும் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். பல வருடம் பூட்டிக்கிடந்த கட்டிடத்தில் இணைப்பே துண்டிக்கப்பட்டிருக்கலாம், அப்படியானால் பாக்கியைக் கட்டி மறுபடி இணைப்பு வாங்குவது ஊராட்சியின் பொறுப்பு என்று கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.